ஓட்டம் குறைந்த இன்ஜின்களின் ஸ்பேர் சந்தை

எம்ஜிபி காருக்கு எட்டு டேப்பெட் கொண்ட ஒரு செட் இங்கிலாந்தில் சில பத்து பவுண்டுக்குக் கிடைக்கும். அது தேறாத சரக்காக இருந்து கேம் ஷாஃப்ட்டின் முகடுகளை அரைத்துத் தள்ளிவிட்டால் கதை வேறு. இன்ஜினை இறக்க வேண்டும், முழுக்கக் கழற்ற வேண்டும், இரும்புத்தூள் புகுந்த எண்ணெய்த் துளைகளை ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும், பேரிங் மாற்றி மறுபடி கூட்டி ஏற்ற வேண்டும். செலவு ஆயிரக்கணக்கான பவுண்டில் போய் நிற்கும். பழைய இன்ஜின்களின் உதிரிபாகம் பற்றிய எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி இந்தக் கணக்குக்குத்தான் வரும்: பாகத்தின் விலை ஒன்று, அந்தப் பாகம் இழுத்துவிடக்கூடிய செலவு இன்னொன்று.

இதை விரித்துப் பார்க்க ஒரே ஒரு இன்ஜின் குடும்பத்தைப் பிடித்துக்கொள்வது வசதி. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் அதற்குப் பொருத்தமானது. நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் இன்ஜின். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேம் ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில். அங்கிருந்து டேப்பெட், புஷ் ராடு, ராக்கர் வழியாக வால்வு திறக்கும். 1950-களின் முற்பாதியில் 1489 சிசி அளவில் எம்ஜி மேக்னெட்டிலும் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டிலும் வந்தது. 1962-இல் 1798 சிசியாகப் பருத்து எம்ஜிபிக்குள் உட்கார்ந்தது. போர் 73 மில்லிமீட்டரிலிருந்து 80-க்குப் போனதே தவிர, ஸ்ட்ரோக் அதே 88.9தான். எம்ஜிபி 1980 வரை ஓடி, ஐந்து லட்சம் கார்களைத் தாண்டியது. அந்தப் பழைய 1489 சிசி இன்ஜின் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் குடியேறி அம்பாசடரின் இதயமானது. பிறகு டீசல் வடிவமும் சேர்ந்துகொண்டது. 1990-களில் இசுசு இன்ஜின் வந்த பிறகும் இந்தக் குடும்பம் அங்கே காலி செய்யவில்லை. 2014 மே மாதம் அந்தத் தொழிற்சாலையே மூடப்பட்டபோதுதான் கதை முடிந்தது.

ஆக, ஒரே இன்ஜினுக்கு இரண்டு வாழ்க்கை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஓட்டும் விளையாட்டுக் கார். இந்தியாவில் டாக்சி, கல்யாண வண்டி, கலெக்டர் வண்டி. இரண்டு ஊர்ச் சந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. இன்ஜின் தினமும் ஓடுகிறவரை அதன் ஸ்பேர் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. ஓட்டம் குறையக் குறைய, விலை ஏறினாலும் தரம் தளர்கிறது.

காரணம் எளிது. ஒரு டாக்சி தினமும் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடும். புதிதாகப் போட்ட ரிங் செட் மோசம் என்றால் ஒரே மாதத்தில் வண்டி புகை தள்ளும், ஆயில் குடிக்கும். டிரைவர் மெக்கானிக்கைப் பிடிப்பார், மெக்கானிக் காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார். நாலு பெட்டி அப்படித் திரும்பி வந்தால் கடைக்காரர் அந்தச் சரக்கை எடுப்பதை நிறுத்திவிடுவார். இதில் ஆய்வகமும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனாலும் மோசமான பாகம் சந்தையில் நீடிக்க முடியாது.

வாரக்கடைசி எம்ஜிபியின் நிலைமையைப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓடினாலே அதிகம் என்று நிற்கும் கார்கள் அவை. குளிர்காலத் தள்ளுபடியில் வாங்கிய பாகம் அலமாரியில் இரண்டு வருஷம் தூங்கும். அதைப் போட்டு ஓட்டத் தொடங்கும்போது பன்னிரண்டு மாத உத்தரவாதம் முடிந்திருக்கும். கெட்டுப்போனாலும், கெட்டது பாகமா, பொருத்தியவர் கையா, ஊற்றிய ஆயிலா என்று வாக்குவாதம். அந்தப் புகார் விற்பவரின் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த லாட் விற்றுத் தீர்ந்து, அடுத்த லாட் வேறொரு நாட்டு ஆலையிலிருந்து வந்து இறங்கியிருக்கும். பாகம் செய்பவருக்குத் தன் பாகம் எப்படி ஓடியது என்று தெரிய வழியே இல்லை.

உற்பத்திக் கணக்கும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கேம் ஷாஃப்ட் வார்க்கவும் கன் ராடு ஃபோர்ஜ் செய்யவும் அச்சு வேண்டும். அச்சுக் கூலியைப் பிரித்துப் போட ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கில் செய்தாக வேண்டும். விற்பனையோ மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று சொட்டும். அதனால் ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த சரக்கை நாலைந்து மொத்த வியாபாரிகள் பிரித்து எடுத்து, தங்கள் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பெட்டி பளபளப்பாக இருந்தால் விலை ஒன்றரை மடங்கு, உள்ளே ஒரே பிஸ்டன். விலை கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கை இந்தச் சந்தையில் பாதி நேரம்தான் பலிக்கும்.

பெயரை நம்பலாமே என்று தோன்றும். பெயருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் பிரிட்டனில் பேர்போன ஏஇ குழுமத்தை 1980-களில் டர்னர் அண்ட் நியூவால் வாங்கியது. அதை 1998-இல் அமெரிக்காவின் ஃபெடரல்-மொகுல் வாங்கியது. கூடவே வந்த ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளின் பாரம் தாங்காமல் 2001-இல் ஃபெடரல்-மொகுல் திவால் பாதுகாப்பு கேட்டுப் போனது. 2018-இல் டென்னகோ கைக்கு மாறியது. பேயன் கேஸ்கெட்டும், நம் ஊர் மெக்கானிக்குகள் வாயில் புரளும் கோயட்ஸ் ரிங்கும் இதே குடைக்குள் வந்து சேர்ந்தவைதான். மின்பாகங்கள் செய்த லூகாஸின் கதையும் அப்படியே: 1996-இல் வாரிட்டியோடு இணைந்தது, 1999-இல் டிஆர்டபிள்யூ எடுத்துக்கொண்டது. பெயரைத் தாங்கும் பச்சைப் பெட்டி மட்டும் இன்றும் கடையில் இருக்கிறது. ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று பிரிட்டிஷ் கார்க்காரர்கள் கேலி செய்த காலத்தில்கூட, திட்டு வாங்க வேண்டியவர் யார் என்பதாவது தெரிந்திருந்தது.

இனி அந்த டேப்பெட்டுக்கே வருவோம். இந்தச் சந்தையின் நோய் முழுவதையும் கட்டைவிரல் பருமனுள்ள அந்த ஒரு துண்டில் படித்துவிடலாம்.

டேப்பெட்டின் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டை. உண்மையில் அது மிக மிக லேசாகக் குவிந்தது. கேம் முகடும் லேசான சரிவோடு தீட்டப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து, ஒவ்வொரு தூக்கலிலும் டேப்பெட்டைக் கொஞ்சம் சுழற்றிவிடும். சுழல்வதால்தான் தேய்மானம் அடிப்பரப்பு முழுக்கப் பரவுகிறது. சுழலாமல் நின்றுவிட்டால் ஒரே கோட்டில் உரசி, சில நூறு மைலில் பள்ளம் விழும், முகடு மழுங்கும். பழைய முறையில் இந்த அடிப்பாகத்தைக் குளிரச்சு வைத்து வார்ப்பார்கள். உருகிய இரும்பு அந்த முகத்தில் மட்டும் சட்டென்று உறைந்து கண்ணாடிபோல் கெட்டிப்படும். ராக்வெல் சி அளவில் 50-ஐத் தாண்டிய கடினம் ஆழமாக இறங்கியிருக்கும். மலிவுச் சரக்கில் சாதாரண எஃகைக் கடைந்து, மேல் தோலை மட்டும் கடினப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். தோல் தேய்ந்ததும் உள்ளே மெத்து.

சோதித்துப் பார்க்க மெஷின் தேவையில்லை. இரண்டு புது டேப்பெட்டை எடுத்து அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஓரங்களில் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். விரலால் தட்டினால் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஆட வேண்டும். ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் அது நிஜமாகவே தட்டை. அந்த செட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்தது, பிளாக்கில் அதற்குரிய துளையில் எண்ணெய் தடவி இறக்கினால் தன் எடையிலேயே மெல்ல இறங்கி, விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மூன்றாவது சோதனை இன்ஜினைக் கிளப்பிய பிறகு. ராக்கர் கவரைத் திறந்து வைத்து ஐட்லிங்கில் ஓடவிட்டால் எட்டு புஷ் ராடும் மெதுவாகத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருப்பது தெரியும். எது சுற்றவில்லையோ அதன் அடியில் வேலை கெட்டுக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தினால் கேம் பிழைக்கும். இந்த இன்ஜினில் பக்கவாட்டு மூடிகளைத் திறந்து டேப்பெட்டை எடுத்துவிடலாம் என்பது ஒரு சௌகரியம். கேம் ஷாஃப்ட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அதை உருவ ரேடியேட்டர், டைமிங் கவர், சம்ப் எல்லாம் இறங்க வேண்டும்.

இதே இடத்தில் ஆயில் சண்டை ஒன்றும் உண்டு. டேப்பெட்டுக்கும் கேமுக்கும் நடுவே காப்பாக நிற்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம். புதுக் கார்களின் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டியது. கேம் போனவர்கள் எல்லோரும் ஆயிலைக் குற்றம் சொல்லத் தொடங்கினார்கள். டேப்பெட் விற்றவர்களுக்கும் அது நல்ல சாக்காக அமைந்தது. அந்தக் கட்டு 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ-30 போன்ற ரகங்களுக்குத்தான். பழைய இன்ஜினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50-க்கு அந்த உச்சவரம்பே கிடையாது. மெத்தான டேப்பெட்டை எந்த ஆயிலும் காப்பாற்றியதில்லை.

பேரிங் கதை வேறு மாதிரி. அங்கே கெடுதல் யாருடைய ஏமாற்றாலும் வரவில்லை. பழைய நல்ல பேரிங் மூன்று அடுக்கு: எஃகு முதுகு, அதன் மேல் செம்பு-ஈயக் கலவை, அதன் மேல் மெல்லிய மெத்துப் பூச்சு. எண்ணெயில் தூசு வந்தால் அந்த மெத்துப் பூச்சு அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும், கிராங்க் பிழைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு வாகனக் கழிவுச் சட்டம் ஈயத்தைப் படிப்படியாக வெளியேற்றச் சொன்னது. பழைய வண்டிகளின் ஸ்பேருக்கு விலக்கு இருந்தாலும், ஆலைகள் ஒட்டுமொத்தமாக அலுமினியக் கலவைக்கு மாறியபின் சில நூறு செட்டுக்காக யார் பழைய வரிசையை ஓட்டுவார்கள்? அலுமினிய பேரிங் கெட்டது அல்ல. நன்றாகக் கடினப்படுத்திய கிராங்கோடு பல லட்சம் கிலோமீட்டர் போகும். 1950-களின் மெத்தான கிராங்கோடும் பழைய ஆயில் ஃபில்டரோடும் அதைச் சேர்த்தால் தூசைப் புதைக்காமல் கிராங்கைக் கீறும். ஆகவே இந்த மாற்றத்தோடு ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இதற்கு நேர்மாறான இடத்தில் இருப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார். சில பவுண்டு சமாச்சாரம், கையாலேயே மாற்றிவிடலாம். ஆனால் கார் நடுரோட்டில் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. மலிவு ரோட்டாரில் பித்தளைத் தகட்டை ஆணி அடித்துப் பிடிக்கிறார்கள். ஆணியின் முனை உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டை நெருங்கிவிட, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கும் தரங்கெட்டதாக இருக்க, இன்ஜின் சூடானதும் பல ஆயிரம் வோல்ட் பிளக்குக்குப் போகாமல் ஷாஃப்ட்டுக்குள் பாய்ந்துவிடும். முன்னறிவிப்பே இருக்காது. இந்தத் தொல்லையால் பிரிட்டனில் சிறு நிபுணர்கள் ஆணியே இல்லாத சிவப்பு ரோட்டார் ஒன்றைப் புதிதாக வடிவமைத்துச் செய்தார்கள். விலை கொஞ்சம் கூடுதல்; பெயர் சீக்கிரமே பரவிவிட்டது. இதுவும் என் வாதத்துக்குச் சாதகம்தான். ரோட்டார் கெட்டால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது, குற்றவாளி யாரென்பதில் குழப்பம் இல்லை, அதனால் நல்ல சரக்கு மோசமான சரக்கை விரட்ட முடிந்தது. கண்டென்சரிலும் இதே கூத்து உண்டு. அதில் சலித்துப்போய்ப் பலர் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிட்டார்கள்.

ரப்பர் பாகங்களில் பெட்ரோலே எதிரி. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதா பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம். இந்தியாவில் இப்போது 20. பழைய சூத்திரப்படி செய்த டயாஃப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் சீல் எல்லாம் இதில் ஊறி உப்புகின்றன, பிறகு காய்ந்து வெடிக்கின்றன. ஆகவே ரப்பர் விஷயத்தில் 'அந்தக் காலத்து ஒரிஜினல் சரக்கு' என்று யாராவது பழைய ஸ்டாக்கை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வரவேண்டும். உலோகப் பாகத்துக்குப் பழைய ஸ்டாக் பொக்கிஷம். ரப்பருக்கும் கார்க் கேஸ்கெட்டுக்கும் அது குப்பை. ஈயம் கலந்த பெட்ரோல் இரண்டு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், 2000-இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதனால் தேயும் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குக் கடின வளையம் பதிப்பது இன்று எந்த நல்ல ஹெட் வேலையிலும் சாதாரணம்.

எல்லாமே சீரழிவு என்று சொன்னால் பொய்யாகிவிடும். எஸ்யு கார்புரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரும் பழைய வரைபடங்களும் இன்று சால்ஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனத்திடம் இருக்கின்றன. புது எம்ஜிபி கார்புரேட்டரை முழுசாகவே அவர்களிடம் வாங்கலாம். ஒரு ஊசி, ஒரு ஜெட் என்று உதிரியாகவும் வாங்கலாம். விலை கொழுத்ததுதான், ஆனால் போட்டால் பொருந்தும். 1975-இல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் பழைய அச்சுகளையும் வரைபடங்களையும் திரட்டி வைத்து, எம்ஜிபியின் முழு பாடியையே மறுபடி அடித்துத் தந்தது. எங்கே மூல வரைபடம் கை மாறாமல் பிழைத்ததோ அங்கே தரமும் பிழைத்தது. ஒரு தேய்ந்த மாதிரியைக் கையில் கொடுத்து 'இதேபோல் செய்' என்று சொன்ன இடத்தில் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுத்தார்கள். டேப்பெட்டின் குவிவு காணாமல் போனதற்கு இதுவும் ஒரு வழி என்று நினைக்கிறேன். தேய்ந்த டேப்பெட் தட்டையாகத்தானே இருக்கும்.

மற்ற இன்லைன் இன்ஜின்களை ஒரு எட்டு பார்த்துவிடலாம். ஜாகுவாரின் எக்ஸ்கே ஆறு சிலிண்டர் 1940-களின் கடைசியில் பிறந்து, டெய்ம்லர் லிமோசின் வழியாக 1992 வரை உயிரோடிருந்தது. அந்தக் கார்களின் விலையே உயரத்தில் இருப்பதால் நல்ல பாகத்துக்குக் கொடுக்கப் பணமும் இருக்கிறது, செய்ய ஆளும் இருக்கிறது. அமெரிக்காவின் செவ்ரோலெட் ஆறு சிலிண்டரில் 1954-க்குப் பிந்தைய 235 கன அங்குல இன்ஜின் உள்ளவர் நிம்மதியாகத் தூங்கலாம். அதில் மாற்றக்கூடிய பேரிங், முழு ஆயில் பிரஷர். அதற்கு முந்தைய 216-இல் கன் ராடுக்குள் பேபிட் உலோகத்தை உருக்கி ஊற்ற வேண்டும், எண்ணெயை வாரி அடிக்கும் பழைய முறை. அங்கே பாகத்தின் விலையைவிட, ஊற்றத் தெரிந்த கை எங்கே என்பதுதான் கேள்வி. சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஒரு அதிர்ஷ்டம்: அதே இன்ஜின் குடும்பம் பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் இருந்ததால் அங்கிருந்து பல பாகம் வருகிறது. பிரீமியர் பத்மினியின் 1089 சிசி இன்ஜினை பம்பாய் டாக்சிகள்தான் தாங்கி வந்தன. அந்த டாக்சிகள் மறைந்ததும் ஸ்பேரும் ஒல்லியாகிவிட்டது.

அம்பாசடரின் ஸ்பேர் தழைத்ததில் சென்னைக்கும் கோவைக்கும் பெரிய பங்கு உண்டு. செம்பியத்தில் 1949-இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1959-இல் வந்த இன்ஜின் வால்வ்ஸ், 1960-களில் எழுந்த பைமெட்டல் பேரிங்ஸ், பாடியில் டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்டார்ட்டரும் செய்த லூகாஸ்-டிவிஎஸ் என்று இன்ஜினின் முக்கால்வாசி உள்ளுறுப்பும் இங்கேயே கிடைத்தது. இவை அம்பாசடருக்காக மட்டும் பிறந்த ஆலைகள் அல்ல. லாரியும் டிராக்டரும் பம்பு செட்டும்தான் பெரிய வாடிக்கை. இறக்குமதிக்குப் பூட்டுப் போட்ட காலம் என்பதால் கார்க்காரர்களுக்கும் அதே தரம் கிடைத்தது. வெளிநாட்டு நிறுவனங்களோடு தொழில்நுட்ப ஒப்பந்தம், ஆலைக்குப் போவதே சந்தைக்கும் வரும் நேர்மை, பின்னாலேயே தினமும் ஓடும் டாக்சிப் படை. சென்னை ஜி.பி. ரோட்டுக் கவுண்டரில் பிஸ்டன் செட் வாங்கி லேத்துக்குக் கொடுத்தால் போதும், அளவு சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை இப்படித்தான் உருவானது.

2014-க்குப் பிறகு அந்தப் படை கரைந்துவிட்டது. 2017-இல் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோ அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாங்கியது பெயரைத்தான், இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு அதனால் ஒரு வால்வுகூட வரவில்லை. இன்று கடையில் மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று, பெரிய ஆலைகள் எப்போதோ செய்த மிச்சம். இரண்டு, பட்டறை அளவில் செய்து பெயரில்லாமலோ, ஏறக்குறைய அதே பெயரிலோ வரும் 'லோக்கல்'. மூன்று, சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது. மூன்றாவதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. என் பார்வையில், அளந்து பார்க்கத் தெரிந்தவருக்கு ராக்கர் ஷாஃப்ட், கேம், கன் ராடு, ஃப்ளைவீல் போன்றவற்றில் பழைய ஆலைச் சரக்கின் தேய்ந்த துண்டுகூடப் புது லோக்கலை அடித்துவிடும். கேமை மறுபடி தீட்டிக்கொள்ளலாம்; நல்ல உலோகத்தை மறுபடி உருவாக்க முடியாது.

லோக்கல் சரக்கிலும் எல்லாவற்றையும் ஒதுக்கத் தேவையில்லை. வாட்டர் பம்ப் பாடி, மானிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜின் மவுண்டிங், ஹோஸ் கிளிப் இவையெல்லாம் கெட்டால் வெளியே தெரியும், வெளியிலிருந்தே மாற்றலாம். அங்கே காசை மிச்சப்படுத்தலாம். ஹெட் கேஸ்கெட்டில் வேண்டாம், ஆயில் பம்பில் வேண்டாம், பிஸ்டனிலும் ரிங்கிலும் வேண்டவே வேண்டாம். பிஸ்டன் செட்டை வாங்கினால் நாலையும் நகைக்கடைத் தராசில் வைத்து எடை பார்ப்பது நல்ல லேத்துக்காரர்களின் பழக்கம். இரண்டு மூன்று கிராமுக்குள் இருந்தால் சரி. பத்து கிராம் தள்ளிப் போனால் செய்த இடத்தில் யாரும் எடை பார்க்கவில்லை என்று அர்த்தம். எடை பார்க்காதவர் வேறு எதைப் பார்த்திருப்பார்? ரிங்கைத் தனியாக போருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அங்குலத்துக்கு நாலு தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பழைய கணக்கு; 73 மில்லிமீட்டர் போருக்கு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கும் ரிங்கை அப்படியே போட்டால் சூட்டில் விரிந்து முட்டி போரைக் கிழித்துவிடும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். இடைவெளி அதிகமாக இருந்தால் அதற்கு மருந்து கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது கடைசி வழி. 1489 சிசி எம்ஜிஏவுக்கும் மேக்னெட்டுக்கும் செய்யும் பேரிங், வால்வு, கேஸ்கெட் பெரும்பாலும் அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினுக்கு ஒத்துப்போகும். 1798 சிசி எம்ஜிபி பிஸ்டன் ஒத்துப்போகாது. படத்தைப் பார்த்து ஆர்டர் போடாமல் கழற்றிய பாகத்தின் அளவை எழுதி அனுப்பிக் கேட்க வேண்டும். கப்பல் கூலி, சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் கார் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் ஆறுதல். எல்லாம் சேர்ந்து பாகம் அங்கத்திய விலையைப்போல் ஏறக்குறைய இருமடங்காகக் கை சேரும். பேரிங் செட்டுக்கும் டைமிங் செயினுக்கும் இந்தச் செலவு தகும். கனமான வார்ப்புப் பாகத்துக்குத் தகாது, அதை இங்கேயே தேடிக்கொள்ளலாம்.

பிரிட்டனில் இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கும் வேலையை உரிமையாளர் சங்கங்கள் ஓரளவு எடுத்துக்கொண்டன. எந்த லாட் கெட்டது, எந்தக் கடை பணம் திருப்பித் தந்தது என்ற செய்தி ஆயிரக்கணக்கான உறுப்பினர்களுக்குள் ஓடுகிறது. டாக்சி டிரைவர் செய்த வேலையை அங்கே சங்கப் பத்திரிகை செய்கிறது. கூட்டாகப் பணம் போட்டுக் கிடைக்காத பாகத்தை ஒரு லாட் செய்து வாங்கும் சங்கங்களும் உண்டு. இந்தியாவில் பழைய கார் சங்கங்கள் பேரணி நடத்துவதிலும் கோப்பை கொடுப்பதிலும் காட்டும் சுறுசுறுப்பைப் பாகம் செய்வதில் காட்டியதாகத் தெரியவில்லை. கோவையில் வார்ப்பாலைக்கும் லேத்துக்கும் பஞ்சமா? ஐம்பது அம்பாசடர்க்காரர்கள் சேர்ந்தால் ஒரு லாட் டேப்பெட்டைக் குளிரச்சில் வார்த்து, கடினம் அளந்து, குவிவு தீட்டி வாங்கிவிடலாம். அளவுக்குத் தேய்ந்த மாதிரியைக் கொடுக்காமல், பெட்டி பிரிக்காத பழைய செட் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும்.

அதுவரை தனியாளாக இன்ஜின் வேலைக்கு இறங்குபவர் கவனிக்க வேண்டியது வேலையின் வரிசை. பொதுவாக நடப்பது இப்படி: இன்ஜினைப் பிரித்த அன்றே கிராங்கை லேத்துக்கு அனுப்பி விடுவார்கள். லேத்துக்காரர் பார்த்து இருபது தவ் எடுத்துவிட்டு, இருபது அண்டர்சைஸ் பேரிங் வாங்கி வாருங்கள் என்பார். கடையில் பத்து இருக்கும், முப்பது இருக்கும், இருபது இருக்காது. வேறு வழியில்லாமல் முப்பதுக்கு மறுபடி தீட்டினால் கிராங்கின் கடைசி ஆயுளுக்கு இன்னும் ஒரே படிதான் மிச்சம். முதலில் கிராங்கை அளந்து, எவ்வளவு எடுத்தால் போதும் என்று தெரிந்துகொண்டு, அந்த அளவில் நல்ல பேரிங் எங்கே இருக்கிறது என்று தேடி வாங்கி, செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பிறகே தீட்டக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பேரிங்கையும் கூடவே கொடுத்து, அதை ஹவுசிங்கில் பூட்டி முறுக்கி, உள் அளவெடுத்து அந்த அளவுக்கு ஜர்னலைத் தீட்டச் சொல்ல வேண்டும். ஜர்னலின் மூலையில் இருக்கும் வளைவைக் கூர்மையாக வெட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது, கிராங்க் உடைவது அந்த மூலையில்தான். பிஸ்டனுக்கும் போரிங்குக்கும் இதே வரிசைதான்: செட் கைக்கு வந்த பிறகே பிளாக் பட்டறைக்குப் போக வேண்டும்.